நான்காவது எலிவேட்டரின் பெயர் வீரபாண்டி

அண்ணே,

நாளை எடுத்துப்போக வேண்டும் என்று இன்று மதியம் கருவிப் பையைத் தட்டிக் கொட்டினேன். டெஸ்டர், மல்டிமீட்டர், ஒரு மூக்குக் கண்ணாடி, அது உடைந்தால் மாட்டிக்கொள்ள இன்னொன்று. எல்லாவற்றுக்கும் அடியில் நான்காக மடித்த பனியன் துணி ஒன்று கிடந்தது. பிரித்ததும் பொருளுக்கு முன்னால் வாசனை வந்துவிட்டது. ஏலக்காய்த் தூசியும் கிரீஸும் கலந்த வாசனை. உங்கள் பட்டறைக்குள் கால் வைத்ததும் வருமே, அதே. துணிக்குள் அந்தப் பித்தளை வில்லை. எழுத்து எழுத்தாக உளி வைத்து நீங்கள் பொறித்த பெயர் அதில் இருக்கிறது. வீரபாண்டி. கடைசி எழுத்துகள் கொஞ்சம் சாய்ந்திருக்கின்றன. இடது கையின் கட்டைப் பிரித்த வாரத்தில் நீங்கள் செய்தது அது.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அன்று உங்கள் வீட்டு வாசலில் எல்லோரும் ஏதேதோ பேசினார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். எனக்கு நா எழவில்லை. உங்களுக்குத் தெரியாததா? நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லவே எனக்கு ஒத்திகை வேண்டும். எழுதினால் திருத்தலாம், அடிக்கலாம். அதனால் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. நாளைக்கு ஓர் இடத்தில் நான் 'முடியாது' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஓடைப்பட்டிக்கு அப்பால் திராட்சைக் கூழ் எடுக்கும் ஆலை ஒன்று புதிதாக வந்திருக்கிறது. பழப்பெட்டியைக் கவிழ்ப்பதிலிருந்து கூழை டிரம்மில் அடைப்பதுவரை எல்லாம் தானாக நடக்கும். மொத்தம் பதினான்கு இயந்திரங்கள். இயந்திரங்களைச் செய்தவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். பேனலும் ஒயரிங்கும் மதுரையிலிருந்து. இயக்கும் புரோகிராம் சென்னையிலிருந்து. மூன்று தரப்பும் ஒருவரை ஒருவர் பார்த்ததே போன வாரம்தான். இதையெல்லாம் சரிபார்த்து, 'ஓட்டலாம்' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட யாராவது ஒரு மூத்த ஆள் வேண்டுமாம். தேடிப் பிடித்தது என்னை. நானே என்னை நம்பமாட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஆலை மேலாளர் காலையில் போன் செய்தார். "சார், எல்லாம் முடிஞ்சிருச்சு. நாளைக்குக் காலைல மொதப் பழம் வந்துரும். நீங்க வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், டீ குடிச்சிட்டுக் கெளம்பிரலாம்" என்றார்.

"சரி" என்று சொல்லிவிட்டேன். வைத்த பிறகுதான் வியர்த்தது. நடந்து பார்க்காமல் போடமாட்டேன் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? போனைக் கீழே வைத்துவிட்டு பீரோக் கண்ணாடி முன் நின்று அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை குரல் எழும்பவில்லை. மூன்றாவது தடவை கொஞ்சம் ஓங்கிச் சொன்னபோது, அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, யார வையிறீக?" என்றாள். யாரையும் இல்லை என்றேன். அது முழு உண்மையில்லை.

போடி ரோட்டு ஏலக்காய் ஆலையை நினைத்துக்கொள்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதுவரை முறத்திலும் கையிலும் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர்கள், இனி எல்லாம் பொத்தானில் நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். இயந்திரப் பகுதி உங்களுக்கு. மின்சாரம், தேனி பஜாரில் கடை வைத்திருந்த செல்வராஜுக்கு. இரண்டையும் சேர்த்து ஓட்டும் கட்டுப்பாட்டுப் பகுதி எனக்கு. நானோ காலேஜில் கருவியியல் படித்தவன், மில்லில் பதினைந்து வருடம் மேசையில் இருந்தவன். நீங்கள் குமுளி எஸ்டேட்டுகளில் ஏலக்காய் உலர்த்தும் அடுப்புகளைச் செப்பனிட்டே தொழில் கற்றவர். அங்கே பழகிய 'சாரே' உங்கள் நாக்கிலேயே தங்கிவிட்டது. என்னைவிட நான்கு வயது மூத்தவர், கடைசிவரை என்னை சாரே என்றுதான் கூப்பிட்டீர்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல். எந்தப் பாதி எப்போது என்று எனக்குப் பிடிபட்டதேயில்லை.

அந்த ஆலையில் ஐந்து எலிவேட்டர்கள். நெட்டுக்குத்தான தகரக் கூண்டுக்குள் சின்னச் சின்ன வாளிகள் கோத்த பெல்ட் ஓடும். அது காயை அள்ளி மேலே கொண்டுபோய்ச் சல்லடையில் கொட்டும். சல்லடையிலிருந்து விழுவதை அடுத்த எலிவேட்டர் அள்ளும். காயைக் கொட்டும் குழி கிழக்குக் கோடியில். பேனல் அறை மேற்குக் கோடியில். நீங்கள் காய் போகும் திசையில் எண்ணி, குழிப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று வரைந்தீர்கள். செல்வராஜ் ஒயர் போகும் திசையில் எண்ணினார். அவருக்குப் பேனலுக்குப் பக்கத்தில் இருப்பது ஒன்று, குழிக்குப் பக்கத்தில் இருப்பது ஐந்து. இருவருடைய டிராயிங்கும் அவரவர் கணக்கில் குற்றமில்லாதவை. நான் எந்த எலிவேட்டர் எதற்குப் பின் ஓட வேண்டும் என்பதை உங்கள் டிராயிங்கிலிருந்து எடுத்தேன். எந்த மோட்டாருக்கு எந்த ஒயர் என்பதை அவருடையதிலிருந்து எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே அட்டவணையாக அழகாக எழுதினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.

ஐந்து பேர் வரிசையாக நின்றால், எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் நடுவில் நிற்பவர் மூன்றாவது ஆள்தான். முதல் சோதனைக்கு நாம் எடுத்தது மூன்றாவது எலிவேட்டர். அதற்கு மட்டும்தான் அன்று பெல்ட் ஏற்றி முடிந்திருந்தது. நான் மூன்றை ஓட்டினேன், மூன்று ஓடியது. நிறுத்தினேன், நின்றது. செல்வராஜ் மூன்றின் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கினார், ஓட மறுத்தது. எல்லாம் பொருந்திவிட்டது என்று நீங்கள் கைதட்டினீர்கள். பஜ்ஜி வந்தது.

அண்ணே, நான் சொல்ல வேண்டியது இதுதான். அந்தப் பஜ்ஜி நேரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

முழுதாகத் தெரியவில்லை. பாதி தெரிந்தது. நீங்களெல்லாம் வெளியே வேப்பமரத்தடியில் நின்றீர்கள். நான் வழக்கம்போல மேசையில் உட்கார்ந்து இரண்டு டிராயிங்கையும் மறுபடி ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். உங்களுடையதில் இரண்டாம் மோட்டார் இரண்டு ஹெச்.பி., நான்காவது மூன்று ஹெச்.பி. செல்வராஜுடையதில் அப்படியே மாறி இருந்தது. நோட்டில் எழுதினேன்: 'இரண்டாம் மோட்டாரின் ஹெச்.பி. வேறாக இருக்கிறதே?' கேள்விக்குறியைக்கூட ஒரு தடவை அழுத்திப் போட்டேன்.

எழுந்து வெளியே வந்தேன். கேட்க வாயெடுத்தேன். அதே வாரத்தில் நான் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு சந்தேகங்கள் கேட்டிருந்தேன். ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் நான் சரியாகப் படிக்காததால் வந்தவை. கையில் நோட்டோடு வரும் என்னைப் பார்த்ததுமே செல்வராஜ் சொன்னார். "அண்ணே, சாருக்கு மறுபடி வயித்தக் கலக்குது. ஏலே, யாராச்சும் ஒரு சோடா ஒடச்சுக் குடுங்கப்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். நோட்டை மூடிவிட்டேன். டைப் அடித்தவர் செய்த பிழையாக இருக்கும், நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கியும் விட்டேன். அதுதான் இன்றுவரை என்னை உறுத்துவது. கதவைப் பூட்டினோமா என்று மூன்று தடவை எழுந்து பார்க்கிறவன் அன்றைக்குத் தூங்கினேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். மேற்குப் பக்கம் உங்கள் நான்காவது எலிவேட்டரில் பெல்ட் ஒரு ஓரமாக ஏறிக்கொண்டிருந்தது. அடிப்பெட்டியின் கதவைக் கழற்றி உள்ளே கைவிட்டுத்தான் அதைச் சரிசெய்ய முடியும். கவனமான ஆள் நீங்கள். பேனல் அறைக்குக் குரல் கொடுத்தீர்கள். "செல்வராசு, நாலோட பீஸக் குடு!" அவர் நாலின் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி உங்கள் கையில் கொடுத்தார். நீங்கள் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். அதுதான் அன்றைய வழக்கம். பீஸ் என் பையில் இருக்கிறது, இனி இந்த இயந்திரத்தை ஆண்டவனாலும் ஓட்ட முடியாது என்பது அதன் அர்த்தம். ஆனால் அவர் பிடுங்கியது அவருடைய நாலு. உங்கள் கணக்கில் அது இரண்டு.

நான் கிழக்குப் பக்கம் கம்ப்யூட்டர் முன் இருந்தேன். இரண்டாவதை ஓட்டிப் பார்க்க வேண்டும். என் கண் முன்னால் இருந்தது உங்கள் இரண்டாவது எலிவேட்டர். பக்கத்தில் ஓர் ஈ காக்கை இல்லை. எழுந்துபோய் ஒரு தடவை சுற்றியும் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு சத்தம் போட்டேன். "அண்ணே, ரெண்ட ஓட்டுறேன்!"

சல்லடைக்குப் பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது. "ஓட்டுங்க சாரே! ரெண்டுல ஆரும் இல்ல!"

நாம் இருவரும் சொன்னது உண்மை. நான் பொத்தானை அமுக்கினேன். என் முன்னால் இருந்தது அசையவில்லை. அங்கே தூரத்தில் வேறொன்று உறுமியது. அதற்கு மேல் வந்த சத்தத்தை எழுத வேண்டாம். நிறுத்துவதற்கு எனக்கு ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடியில் உங்கள் இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் போய்விட்டன.

தேனி ஆஸ்பத்திரியில் மறுநாள் பார்த்தபோது, செல்வராஜ் உங்கள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தார். "நாலுன்னுதானண்ணே சொன்னீக. நாலத்தான புடுங்குனேன். ஏசுவே, நான் நாலத்தான புடுங்குனேன்."

"நாலுன்னுதான்டா சொன்னேன். அழுவாத. பக்கத்துக் கட்டில்காரக நான் செத்துட்டேன்னு நெனைக்கப் போறாக" என்றீர்கள்.

பிறகு மாத்திரைச் சீட்டைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் வலது கையால் ஐந்து கோடு போட்டீர்கள். மேலே உங்கள் எண்கள். கீழே செல்வராஜைக் கூப்பிட்டு அவருடைய எண்களைப் போடச் சொன்னீர்கள். மூன்று பேரும் அதைப் பார்த்தோம். நீங்கள் வெகுநேரம் பார்த்தீர்கள். திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் அன்றைக்கே நோட்டை எடுத்துக் காட்டியிருப்பேனோ என்னவோ.

"மொதலாளி ஒத்த மிசினுக்குத்தான் சொன்னாக, சாரே. நாம மூணு பேரும் ஆளுக்கு ஒண்ணா மூணு மிசினு செஞ்சு வச்சிருக்கோம்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடித்த புத்தகங்களில் இந்தத் தொழிலைப் பற்றிப் படித்திருக்கிறேன். அந்த ஒரு வரியைத் தாண்டிப் புதிதாக எதையும் நான் பெரிதாகக் கற்றுக்கொள்ளவில்லை.

எண்ணே வேண்டாம் என்று முடிவு செய்தது நீங்கள்தான். செல்வராஜ் ஏ, பி, சி என்று எழுத்து வைக்கலாம் என்றார். "எழுத்தையும் எங்கிட்டு இருந்து வேணா எண்ணலாம்டா" என்று தள்ளிவிட்டீர்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தீர்கள். "குமுளில இருந்து பஸ்சு எப்பிடி எறங்கும்? கம்பம், உத்தமபாளையம், சின்னமனூரு, வீரபாண்டி, தேனி. காயும் மலைல இருந்துதான எறங்குது? இந்தப் பக்கத்துல பெறந்த எவனாச்சும் தேனிக்கு அடுத்துதான் கம்பமுன்னு சொல்லுவானா?"

அப்படித்தான் உங்கள் நான்காவது எலிவேட்டர் வீரபாண்டி ஆனது. ஐந்து பித்தளை வில்லைகளை நீங்கள் பொறித்துக் கொடுத்தீர்கள். செல்வராஜ் பேனலில் ஒவ்வொரு ஒயர் முனையிலும் அதே பெயரைச் சுற்றினார். நான் புரோகிராம் முழுவதையும் திறந்து, எண் இருந்த இடத்திலெல்லாம் ஊர்ப் பெயரைப் போட்டேன். பிறகு மூன்று பேரும் சேர்ந்து குழியிலிருந்து நடந்தோம். நீங்கள் ஒவ்வொரு எலிவேட்டரிலும் வில்லையைத் தொட்டுக் கண்டக்டர் மாதிரி கத்துவீர்கள். "உத்தமபாளையம்! உத்தமபாளையமெல்லாம் எறங்கு!" பேனலில் செல்வராஜ் அதை மட்டும் ஓட்டுவார். திரையில் எனக்கு எரிய வேண்டியது எரிந்ததா என்று நான் திருப்பிக் கத்துவேன். வீரபாண்டி வந்தபோது மட்டும் நீங்கள் கத்தவில்லை. கட்டுப் பிரித்த கையால் வில்லையை மெதுவாகத் தட்டினீர்கள். "ஓட்டு" என்றீர்கள். ஓடியது.

அதன்பின் நாம் சேர்ந்து செய்த எந்த ஆலையிலும் அந்த நடை இல்லாமல் ஸ்விட்சைப் போட்டதில்லை. சின்னமனூர் அரிசி ஆலையில் நீங்கள் தகரத்தில் ஓட்டை போடும் முன்பே என்னைக் கூப்பிட்டனுப்பினீர்கள். "சாரே, ஒங்க கண்ணு எங்கன வேணும்? வச்சுட்டு அப்பறம் மறைக்குது மறைக்குதுன்னு சொல்லக் கூடாது." சென்சாரைத்தான் கண் என்பீர்கள். உங்கள் மூடி திறக்கும் பக்கம் கேட்டுத்தான் செல்வராஜ் ஒயரை ஒரு முழம் தளர விடுவார். அவர் ஒயர் வரும் பக்கம் கேட்டுத்தான் நீங்கள் தாங்கு சட்டத்தை வெல்டு வைப்பீர்கள். யார் வேலை எங்கே முடிகிறது என்று யாராவது கேட்டால் நமக்கே சொல்லத் தெரியாது. இயந்திரத்துக்குள் யார் கை விட்டாலும் உங்களுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. "பீஸப் புடுங்குனா மட்டும் பத்தாது. புடுங்கிட்டு ஒருக்கா ஸ்டார்ட்ட அமுக்கிப் பாரு. அது செத்துக் கெடந்தாத்தான் கைய விடு." அமுக்காமல் கை வைத்த ஆளை அடிக்கக் கை ஓங்கியிருக்கிறீர்கள், அந்த மூன்று விரல் கையை.

"எட்டு மணி நேர வேலைக்கு எட்டு வெரலு போதும்" என்று நீங்கள் சிரிப்பு மூட்டுவீர்கள். எனக்குச் சிரிப்பு வந்ததேயில்லை.

போடி ஆலையில் பழைய எலிவேட்டர்களைப் பிரித்து எடைக்குப் போட்ட அன்று என்னையும் வரச் சொன்னீர்கள். வில்லைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொண்டிருந்தீர்கள். ஐந்தில் நான்கை உங்கள் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றை மட்டும் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினீர்கள். "இது ஒங்களுக்கு." பிரித்துப் பார்த்தேன், வீரபாண்டி. ஏன் இது என்று நான் கேட்கவில்லை. டீக் குடிக்கும்போது, ஏதோ பேச்சுவாக்கில் சொல்வதுபோல, தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்.

"சாரே, நீங்க சந்தேகப்பட்டா சத்தமா சந்தேகப்படுங்க."

என் நோட்டை எப்போதாவது பார்த்திருந்தீர்களா அண்ணே? அன்று வேப்பமரத்தடியில் நான் வாயெடுத்து மூடியதைக் கவனித்திருந்தீர்களா? அல்லது பொதுவாகச் சொன்னதா? கேட்கப் பல வருடங்கள் இருந்தன. கேட்கவில்லை. அந்தச் சந்தேகத்தையும் சத்தமில்லாமல்தான் வைத்திருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன். உங்கள் விரல்களுக்கு நானும் காரணம். நாளை எட்டு மணிக்குப் பஸ்.

இதுவரை நேற்று எழுதியது. இன்று சாயங்காலம் ஓடைப்பட்டியிலிருந்து திரும்பி வந்து மீதியை எழுதுகிறேன்.

நான் போய் இறங்கியபோது வாசலில் மூன்று வண்டி திராட்சை வந்து நின்றிருந்தது. மேலாளர் தாளை அட்டையில் சொருகி, பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். மூன்று தரப்பின் ஆட்களும் வரிசையாக நின்றார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், மதுரைக்காரர் ஒருவர், சென்னையிலிருந்து புரோகிராம் எழுதிய பெண் ஒருவர். நான் பீரோக் கண்ணாடியில் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். இந்தத் தடவை முழுவதும் வெளியே வந்தது. "நாம அஞ்சு பேரும் பதினாலு மிசினையும் ஒண்ணொண்ணா நடந்து, தொட்டு, ஓட்டிப் பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சென்னைப் பெண் பணிவாகத்தான் சொன்னார். "சார், மூணு டிராயிங்கும் இப்ப ஒரே ஃபைல்தான் சார். பேர் மாறினா கம்ப்யூட்டரே காட்டிக் குடுத்துடும்."

"கம்ப்யூட்டர்ல இருக்குறது ஒண்ணுதாம்மா. சந்தேகமில்ல. இங்கன நிக்கிறதும் அதேதானான்னு அதுக்குத் தெரியாதுல்ல?"

அவர் லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். மேலாளர்தான் வெடித்தார். "சார், பழம் வெயில்ல நிக்குது சார்! நீங்க டீ குடிக்க வந்தீகளா, என்னையக் குடிக்க வந்தீகளா?"

நடந்தோம். முதலில் பெட்டி கவிழ்க்கும் இயந்திரம், பிறகு கழுவும் தொட்டி, காம்பு எடுப்பது. ஒவ்வொன்றிலும் கோயம்புத்தூர்க்காரர் தொட்டுப் பெயர் சொன்னார். மதுரைக்காரர் அதற்கு மட்டும் கரண்ட் விட்டார். திரையில் எரிகிறது என்று பெண் சொன்னார். எமர்ஜென்சி பொத்தானை நானே அமுக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சரி. ஆறாவது சரி, ஏழாவது சரி. வாசலில் வண்டிக்காரர் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டிச் சத்தம் போட்டார். "பழம் சொட்டுது சார்! உள்ள என்ன சாமியா கும்புடுறீக?" ஒன்பதாவதில் எனக்கே விட்டுவிடலாம் என்று தோன்றியது. கிழவன் தன் பயத்துக்கு ஊரை வேலை வாங்குகிறான் என்று அவர்கள் நினைப்பது கேட்டது. நானும் அதையே நினைத்தேன். சட்டைப் பையில் வில்லை கனத்தது. பத்தாவதுக்கு நடந்தேன்.

பதினான்கும் முடிந்தது. ஒரு பிழைகூட இல்லை அண்ணே. ஒரே ஒரு ஒயர்கூட மாறவில்லை.

"பாத்தீகளா சார்? ஒண்ணுமே இல்ல. மூணு மணி நேரம் போச்சு" என்றார் மேலாளர்.

எனக்கு முகம் சிவந்திருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கத்தான் வாய் போனது. வந்தது வேறு. "ஆமா. ஒண்ணுமில்லன்னு நம்பிக்கிட்டு இருந்தோம். இப்பத்தான் தெரியும்."

பழம் உள்ளே போனது. முதல் தவணைக் கூழ் வந்தது. தாள் இன்னும் என் கையில்தான் இருந்தது. கூழ் பிரிக்கும் இயந்திரத்தைத் தவணைக்கு ஒருமுறை நிறுத்தி, மூடியைத் திறந்து, உள்ளே துடுப்புகளுக்கு நடுவில் ஒட்டிய தோலைக் கையால் வழித்தெடுக்க வேண்டும். அதற்கென்று பேச்சியம்மாள் என்ற அம்மா இருக்கிறார். காலையிலிருந்து தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி எங்கள் நடையைப் பார்த்துக்கொண்டே நின்றவர் அவர். மூடி திறந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தார். மற்றவர்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சார், நான் இதுக்குள்ள கைய விடலாமா?"

என் வாழ்நாளில் எந்தக் கேள்விக்கும் நான் ஒரே சொல்லில் பதில் சொன்னதில்லை. 'பார்க்கலாம்' என்பேன், 'இருக்கலாம்' என்பேன். அன்று போடியில் நீங்கள் என்னைக் கேட்கவேயில்லை. கேட்காமலே நம்பினீர்கள். இவர் கேட்கிறார்.

"மொதல்ல அந்தப் பூட்டப் போடுங்க ஆத்தா" என்றேன். இப்போதெல்லாம் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்குவதில்லை. ஸ்விட்சை அணைத்துப் பூட்டு மாட்டுவார்கள். அவர் பூட்டினார். சாவியை மேலாளர் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். "சாவி அவுககிட்டயே இருக்கட்டும்" என்றேன், சத்தமாகத்தான். பேச்சியம்மாள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"இப்ப ஸ்டார்ட்ட அமுக்குங்க."

"நானா?"

"நீங்கதான். கைய விடப்போறது நீங்கதான?"

பச்சைப் பொத்தானை ஒரு விரலால், சுடுமோ என்பதுபோல அமுக்கினார். ஒன்றும் அசையவில்லை. நான் சொல்லாமலே மறுபடி அமுக்கினார், இந்த முறை கட்டைவிரலால், அழுத்தி. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"செத்துக் கெடக்கு" என்றார்.

உங்கள் வார்த்தை அண்ணே. அவருக்கு யார் சொன்னது? யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கண்ணால் பார்த்ததைச் சொன்னார்.

"விடலாம்" என்றேன்.

வளையலை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு கையை உள்ளே விட்டார். நான் தாளையும் பேனாவையும் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றேன். மறு கை என் சட்டைப் பைக்கு மேல் போயிருந்தது. அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு துடுப்பாக வழித்து, விதையும் தோலுமாக வாளியில் உதறினார். கடைசியில் கையை வெளியே எடுத்து, குழாயில் காட்டி, விரல்களை விரித்துக் கழுவினார்.

எண்ணிப் பார்த்தேன். ஐந்தும் இருந்தன. அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.